பெரிய வெள்ளியும் பழைய வழக்கும்

பெரிய வெள்ளி என்று தமிழில் வழங்கும் பெயரிலேயே ஒரு தீர்ப்பு அடங்கியிருக்கிறது. இயேசு சிலுவையில் அறையுண்டு உயிர் நீத்த நாள் வெள்ளிக்கிழமை என்பதே அத்தீர்ப்பு. கிறிஸ்தவரும் கிறிஸ்தவரல்லாதாரும் அதனை ஐயுறாது ஏற்று வருகின்றனர். ஆயினும், நேயர்களே, அந்நாளைப் பற்றிக் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே ஏறத்தாழ 1850 ஆண்டுகளாக வழக்கொன்று நடந்து வருகிறது என்பதைப் பலர் அறியார். உண்மையில் வழக்கு ஒன்றன்று, இரண்டு. இயேசு இறந்தது யூத மாதத்தின் எத்தனையாம் நாள் என்பது ஒன்று. வாரத்தின் எந்தக் கிழமை என்பது மற்றொன்று. முன்னது பழையது, திருச்சபையைப் பிளக்கும் எல்லைவரை சென்றது. பின்னது பெரும்பாலும் அண்மைக் காலத்தது. இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவோர் உளர். ஆதலின் அவற்றைத் தனித்தனியே எடுத்துக்கொள்வோம்.

முதலில் யூதரின் நாட்கணக்கைச் சற்று அறிந்துகொள்ளல் வேண்டும். நமது பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தோடு பிறக்கிறது. யூதருக்கோ சூரியன் மறைந்ததும் மறுநாள் பிறந்துவிடும். அவர்களுடைய மாதம் சந்திரனைப் பின்பற்றியது. பிறை தோன்றத் தொடங்கி, ஏறத்தாழ நடுவில் பௌர்ணமி வரும். வசந்த காலத்து நிசான் மாதத்தின் 14ஆம் நாள் பிற்பகலில் எருசலேம் தேவாலயத்தில் பஸ்கா ஆட்டுக்குட்டிகள் பலியிடப்படும். பிற்பகல் மூன்று மணி தொடங்கி ஐந்து மணிவரை அப்பலி நடைபெறும் என்று முதலாம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யொசேப்பு எழுதியுள்ளார். அன்று சூரியன் மறைந்ததும் 15ஆம் நாள் தொடங்கும். அந்த இரவிலே, நிலவொளியில், குடும்பம் குடும்பமாக அமர்ந்து ஆட்டிறைச்சியையும் புளிப்பில்லா அப்பத்தையும் உண்பர். எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து தம் முன்னோர் விடுபட்ட இரவின் நினைவு அது.

இயேசுவின் இறுதி இராவுணவு இந்தப் பஸ்கா உணவுதானா? அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவரும் ஆம் என்கின்றனர். ஆட்டுக்குட்டியைப் பலியிடும் நாளிலே, பஸ்கா உண்பதற்கு எங்கே ஆயத்தம் செய்யவேண்டும் என்று சீடர் வினவியதாக மாற்கு எழுதுகிறார். அவ்வாறாயின் இயேசு உணவருந்தியது 15ஆம் நாள் இரவு; சிலுவையில் இறந்தது அதே 15ஆம் நாள் பகல், அதாவது பண்டிகை நாளிலேயே. யோவான் கூறுவது வேறு. இயேசுவைப் பிலாத்துவிடம் கொண்டுசென்ற யூதத் தலைவர்கள் மாளிகைக்குள் நுழையாது வெளியே நின்றனராம். நுழைந்தால் தீட்டுப்பட்டுப் பஸ்கா உண்ண இயலாதுபோகும் என்று அஞ்சினராம். அப்படியாயின் பஸ்கா உணவு இனிமேல்தான் வரவேண்டும். ஆகவே யோவானின் கணக்கில் இயேசு இறந்தது 14ஆம் நாள் பிற்பகல். தேவாலயத்தில் ஆட்டுக்குட்டிகள் வெட்டுண்ட அதே பொழுது.

ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கிழமையில் நால்வருக்கும் வேற்றுமை இல்லை. நால்வருமே அந்நாளை "ஆயத்த நாள்" என்கின்றனர். அது ஓய்வுநாளுக்கு முந்திய நாள் என்று மாற்கு விளக்கமும் தருகிறார். கிரேக்க மொழியில் வெள்ளிக்கிழமைக்கு இன்றுவரை வழங்கும் பெயர் அந்த "ஆயத்தம்" என்ற சொல்லே. வேறுபாடு திகதியில் மட்டுமே. அதுவும் ஒரே ஒரு நாள்.

ஒரு நாள் தானே, அதற்கென்ன என்று நேயர்கள் கேட்கலாம். சமயச் சிந்தனையில் அந்த ஒரு நாள் பெரிது. 15ஆம் நாளாயின் இயேசு பஸ்கா ஆட்டை உண்டவர். 14ஆம் நாளாயின் அவர் தாமே பஸ்கா ஆடு. கிறிஸ்துவையே நமது பஸ்காவாகப் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தில் கூறியிருப்பதனால், இரண்டாவது எண்ணம் மிகப் பழையது என்பது தெளிவு.

இவ்வழக்கு வெளிப்படையாக எழுந்த இடம் சின்ன ஆசியா. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லவோதிக்கேயா என்னும் ஊரிலே பஸ்காவைப் பற்றிப் பெரும் வாக்குவாதம் ஏற்பட்டது. அருகிலிருந்த எராப்போலி நகரின் மேற்றிராணியார் அப்பொலினாரி அக்காலத்தில் எழுதிய நூலின் சில துண்டுகள் ஏழாம் நூற்றாண்டுத் தொகுப்பொன்றில் எஞ்சியுள்ளன. இயேசு 14ஆம் நாள் ஆட்டை உண்டு, மறுநாள் பண்டிகையன்று பாடுபட்டார் என்று வாதிப்போரை அவர் கண்டிக்கிறார். அவர்களின் கொள்கை சுவிசேஷங்களை ஒன்றோடொன்று மோதவைக்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. மோதல் உண்டென்று பிற்காலத்து ஐரோப்பிய அறிஞர் கண்டுபிடித்துச் சொன்னதாக எண்ணுவோர், அது அந்நாளிலேயே நன்கு உணரப்பட்டிருந்தது என்பதை இங்கே காணலாம்.

சின்ன ஆசியாவின் கிறிஸ்தவர்கள் இதனை ஏட்டளவில் விடவில்லை. 14ஆம் நாள் எந்தக் கிழமையில் வந்தாலும், அன்றே நோன்பை முடித்துத் தம் பஸ்காவைக் கொண்டாடினர். உரோமாபுரியிலும் வேறு பல இடங்களிலும் வழக்கம் வேறாக இருந்தது. அங்கே உயிர்ப்பின் நாளாகிய ஞாயிற்றுக்கிழமையன்றித் திருநாள் இல்லை. ஒரு சாரார் சந்திரனைப் பார்த்தனர். மறுசாரார் கிழமையைப் பார்த்தனர். இவ்விரண்டும் எவ்வளவு தூரம் இடறும் என்பதை நம் நாட்டு முதியோர் அனுபவத்தில் அறிவர். 1966ஆம் ஆண்டு தொடங்கி 1971 வரை இலங்கையிலே ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நீங்கி, போயா தினங்களே வார விடுமுறையாக இருந்தன. சந்திரன் வகுத்த ஓய்வுநாள் திங்களிலும் வரும், வியாழனிலும் வரும், ஞாயிறு வேலைநாளாகிவிடும். சின்ன ஆசியாவிலிருந்து உரோமாபுரிக்குக் குடியேறிய கிறிஸ்தவக் குடும்பங்களின் நிலையும் அத்தகையதே. ஊரார் நோன்பிருக்க, இவர்கள் வீட்டில் திருநாள்; இவர்கள் வேலைக்குச் செல்லும் நாளில் ஊராருக்குத் திருநாள்.

155ஆம் ஆண்டையொட்டிச் சிமிர்னா நகரின் மேற்றிராணியார் பொலிக்கார்ப்பு உரோமாபுரிக்கு வந்தார். அவர் அப்போது மிக வயோதிபர். அப்போஸ்தலரைக் கண்டு பழகியவர் என்று போற்றப்பட்டவர். உரோமை மேற்றிராணியார் அனிசேத்துவும் அவரும் வேறு சில சிறு பிணக்குகளை எளிதில் தீர்த்துக்கொண்டனர். பஸ்கா நாளைப் பற்றி மட்டும் இணக்கம் ஏற்படவில்லை. யோவானோடும் ஏனைய அப்போஸ்தலரோடும் கூடிக் கைக்கொண்ட வழக்கத்தைத் தாம் கைவிட இயலாது என்றார் பொலிக்கார்ப்பு. தமக்கு முன்னிருந்த மூப்பரின் வழக்கத்தைத் தாம் காத்தல் வேண்டும் என்றார் அனிசேத்து. இருவரும் சொன்ன காரணம் ஒன்றே என்பதை நோக்குக: பெரியோர் செய்த வழி. ஒருவரையொருவர் வெல்ல இயலாத நிலையில் அனிசேத்து ஒன்று செய்தார். தம் சபையிலே, தம் இடத்திலே, நற்கருணை வழிபாட்டை நடத்தும் உரிமையை அம்முதியவருக்கு அளித்தார். சமாதானத்தோடு பிரிந்தனர். பொலிக்கார்ப்பு ஊர் திரும்பிச் சில காலத்துள் இரத்தசாட்சியாக எரியூட்டப்பட்டார்.

அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. 190ஆம் ஆண்டளவில் விக்டர் என்பார் உரோமை மேற்றிராணியாராக இருந்தபோது அதே வழக்கு மீண்டும் எழுந்தது. இம்முறை ஊரூராகச் சங்கங்கள் கூடின. பெரும்பாலானவை ஞாயிறே என்றன. சின்ன ஆசியா மட்டும் இணங்கவில்லை. எபேசு நகரின் மேற்றிராணியார் பொலிக்கிரத்தேசு விக்டருக்கு எழுதிய கடிதத்தை யுசேபியு தம் திருச்சபை வரலாற்றில் காத்துவைத்திருக்கிறார். மேற்றிராணியார்களாக விளங்கிய தம் உறவினர் எழுவரையும், எட்டாமவராகத் தம்மையும் பொலிக்கிரத்தேசு எண்ணிக் காட்டுகிறார். பிலிப்பும் யோவானும் பொலிக்கார்ப்பும் சார்தை நகரின் மெலித்தோவும் உறங்கும் மண் தமது மண் என்கிறார். ஆண்டவருக்குள் 65 ஆண்டுகள் வாழ்ந்த தாம் பயமுறுத்தலுக்கு அஞ்சப்போவதில்லை என்று முடிக்கிறார். முதுமையும் குடிப்பெருமையும் ஒருங்கே பேசும் அக்கடிதத்தைப் படிப்போர், அவர் கட்சியை ஏற்காவிடினும் அவரை மதியாதிருக்க இயலாது.

விக்டர் சினங்கொண்டு ஆசியச் சபைகள் அனைத்தையும் ஐக்கியத்தினின்று விலக்க முற்பட்டார். அப்போது அவரைத் தடுத்தோர் எதிர்க்கட்சியார் அல்லர்; அவர் கட்சியார் தாமே. காலியா நாட்டு லியோன் நகரின் மேற்றிராணியார் இரேனேயு, ஞாயிறே சரியென்று கொண்டவர். ஆனால் சிறுவயதில் சிமிர்னாவில் பொலிக்கார்ப்பின் போதனையைக் கேட்டவர். அவர் விக்டருக்கு எழுதினார். நாளில் மட்டுமா வேற்றுமை, நோன்பிலும் வேற்றுமை உண்டு. ஒரு நாள் நோற்போர் உளர், இரண்டு நாள் நோற்போர் உளர், நாற்பது மணி நேரம் நோற்போரும் உளர். இவ்வேற்றுமையே விசுவாசத்தின் ஒற்றுமையை உறுதிப்படுத்துகிறது என்பது அவர் வாதம். அனிசேத்துவும் பொலிக்கார்ப்பும் நடந்துகொண்ட வரலாற்றை நாம் அறிவதே இக்கடிதத்தால்தான். இரேனேயு என்ற பெயருக்குக் கிரேக்கத்தில் சமாதானம் உடையவர் என்பது பொருள். பெயருக்கேற்ற பணி என்று யுசேபியுவும் அதனைச் சுட்டிக்காட்டாது விடவில்லை.

325ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய சங்கம் எல்லாச் சபைகளும் ஒரே ஞாயிற்றில் உயிர்ப்பு விழாவைக் கொண்டாடவேண்டும் என முடிவு செய்தது. அம்முடிவை அறிவித்து மன்னன் கொன்ஸ்தந்தீன் அனுப்பிய கடிதத்தில் யூதரைப் பற்றிய சொற்கள் கடுமையானவை. அவர்கள் கணக்கை நோக்கித் திருநாளைக் குறிப்பதே இழிவு என்ற தொனி அதில் ஒலிக்கிறது. நாளைப் பற்றிய வழக்கு, நாளைத் தந்த இனத்தின்மேல் வெறுப்பாகத் திரிந்தது இங்கேதான் வெளிப்படையாகிறது. பின்வந்த நூற்றாண்டுகளில் பெரிய வெள்ளி ஐரோப்பிய யூதர் பலருக்கு அச்சம் தரும் நாளாயிற்று. 375ஆம் ஆண்டளவில் சைப்பிரசு தீவின் எபிபானியு எழுதிய பேதகங்களின் பட்டியலில் "பதினான்காம் நாளார்" ஒரு தனி இலக்கம் பெற்றுவிட்டனர். பொலிக்கார்ப்புவின் வழக்கம் பேதகமாயிற்று. பொலிக்கார்ப்போ புனிதராகவே இருந்தார்.

கொண்டாட்ட நாள் முடிவாயினும், 14ஆ 15ஆ என்ற கேள்வி சாகவில்லை. அது அப்பத்தில் வந்து தங்கியது. இறுதி இராவுணவு பஸ்கா உணவாயின் இயேசு கையில் எடுத்தது புளிப்பில்லா அப்பம். பஸ்காவுக்கு முந்திய இரவாயின் அது சாதாரண அப்பமாக இருந்திருக்கும். இலத்தீன் திருச்சபை நற்கருணைக்குப் புளிப்பில்லா அப்பத்தைப் பயன்படுத்தியது. கிரேக்கத் திருச்சபை புளித்த அப்பத்தைப் பயன்படுத்தியது. 1053ஆம் ஆண்டு ஒக்ரிதா நகரின் தலைமை மேற்றிராணியார் லியோ, இலத்தீனர் யூத வழக்கத்தைத் தழுவுகின்றனர் என்று குற்றஞ்சாட்டி எழுதினார். மறுஆண்டு யூலை 16ஆம் நாள் கர்தினால் உம்பேர்த்து, கொன்ஸ்தாந்திநோபிளின் பேராலயப் பீடத்தின்மேல் சபைவிலக்குப் பத்திரத்தை வைத்துவிட்டு வெளியேறினார். அப்பம் ஒன்றே பிரிவினைக்குக் காரணம் என்று கூறுதல் தவறு. பாப்பரசரின் அதிகாரம், அரசியல், மொழி எல்லாம் அதில் உண்டு. எனினும் அக்காலத்துக் கிரேக்கர் ஏடுகளில் மிகுதியாகப் பேசப்பட்டது அப்பமே. 1439இல் புளோரன்சுச் சங்கம் இருவகை அப்பமும் செல்லும் என்றது. அந்த 1054ஆம் ஆண்டுச் சபைவிலக்குகளைப் பாப்பரசர் ஆறாம் பவுலும் முதுபெருந்தந்தை அத்தெனாகொராசும் 1965 டிசெம்பர் 7ஆம் நாள் மறதிக்கு ஒப்புக்கொடுத்தனர். பீடத்தில் ஏறும் அப்பம் மட்டும் இன்றும் இருவகையே.

இனி, கிழமை பற்றிய வழக்குக்கு வருவோம். மத்தேயு சுவிசேஷத்திலே, யோனா மீன் வயிற்றில் இருந்ததுபோல மனுஷகுமாரன் மூன்று பகலும் மூன்று இரவும் பூமிக்குள் இருப்பார் என்னும் கருத்து வருகிறது. வெள்ளி மாலை அடக்கம். ஞாயிறு விடியலில் கல்லறை வெறுமை. இடையே இரவு இரண்டேயன்றோ? சிறுபிள்ளை கேட்கக்கூடிய கேள்விதான். ஆயினும் அறிஞரையும் அது விடவில்லை. மூன்றாம் நூற்றாண்டில் சிரியாவில் எழுந்த "தீதஸ்காலியா" என்னும் நூல், சிலுவைப்பாட்டின்போது சூழ்ந்த மூன்று மணி இருளையே ஓர் இரவாக எண்ணிக் கணக்கைச் சரிசெய்தது. 19ஆம் நூற்றாண்டில், பின்னாளில் தர்ரம் நகர அத்தியட்சராக விளங்கிய ஆங்கில அறிஞர் வெஸ்ற்கொற், வியாழக்கிழமை என்றார். புல்லிங்கரும் அமெரிக்கப் பிரசங்கியார் டொறியும் புதன்கிழமை என்றனர். புதன் கட்சியாரின் வாதம் அசட்டை செய்யத்தக்கதன்று. ஓய்வுநாள் கழிந்தபின் பெண்கள் நறுமணப் பொருள் வாங்கினர் என்கிறார் மாற்கு. அவற்றை ஆயத்தப்படுத்திய பின் ஓய்வுநாளில் ஓய்ந்திருந்தனர் என்கிறார் லூக்கா. அப்படியாயின் அவ்வாரத்தில் ஓய்வுநாள் இரண்டு: பண்டிகை ஓய்வு வியாழன், வழக்கமான ஓய்வு சனி, வாங்கியது இடையிலுள்ள வெள்ளி என்பர்.

ஆனால் இவ்வாதம் நாட்களை மணிக்கூட்டால் அளக்கிறது. யூதர் அவ்வாறு அளந்தாரல்லர். குழந்தை பிறந்த எட்டாம் நாள் விருத்தசேதனம் என்றால், மாலை மயங்கும் வேளையில் பிறந்தாலும் பிறந்த நாளே முதல் நாள். எஸ்தர் அரசி மூன்று நாள் இரவும் பகலும் நோற்கச் சொல்லி, மூன்றாம் நாளிலேயே மன்னனிடம் சென்றாள். பகலிரவின் ஒரு பகுதி முழுமைக்குச் சமம் என்பது யூத ஆசிரியர் எலெயாசர் பென் அசரியாவின் விதி. நம் கோயில்களிலும் கொடியேறும் நாளே முதலாந் திருவிழா. இருபத்துநான்கு மணி கழியட்டும் என்று எவரும் காத்திருப்பதில்லை. மேலும், உயிர்த்த ஞாயிறன்று எம்மாவு ஊருக்கு நடந்த சீடர் இருவர், இது நிகழ்ந்து இன்று மூன்றாம் நாள் என்று பேசிக்கொண்டதாக லூக்கா கூறுகிறார். வெள்ளியிலிருந்து எண்ணினால் ஞாயிறு மூன்று. புதனிலிருந்து எண்ணினால் ஐந்து. ஆதலின் புதன் நிலைப்பது அரிது, வியாழனும் அவ்வாறே.

20ஆம் நூற்றாண்டில் இரு வழக்கும் வேறொரு முனையில் சந்தித்தன. 1947 முதல் சாக்கடல் அருகே கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்கள், 364 நாட்கொண்ட ஆண்டுக் கணக்கொன்றை வெளிப்படுத்தின. 364ஐ ஏழால் வகுத்தால் மீதி இல்லை; ஆகவே அக்கணக்கில் ஒவ்வொரு பண்டிகையும் ஆண்டுதோறும் ஒரே கிழமையில் வரும். பஸ்கா உணவு எப்போதும் செவ்வாய் மாலை. பிரெஞ்சு அறிஞை ஆனி ஜோபேர் 1957இல் வெளியிட்ட நூலில் இதனை எடுத்தாண்டு, இயேசு செவ்வாய் மாலை பழைய கணக்கின்படி பஸ்கா உண்டார், வெள்ளியன்று தேவாலயக் கணக்கின்படி பஸ்காவுக்கு முன் இறந்தார் என்றார். தீதஸ்காலியாவிலும் செவ்வாய் உணவு கூறப்பட்டிருந்தது அவருக்குத் துணையாயிற்று. பாப்பரசர் 16ஆம் பெனடிக்ற் 2007ஆம் ஆண்டுப் பெரிய வியாழன் மறையுரையில் கும்ரான் கணக்கை ஆதரித்துப் பேசினார். 2011இல் வெளிவந்த தம் நூலிலோ ஜோபேரின் கருத்தை விடுத்து, யோவானின் திகதியையே ஏற்றார். தாம் முன்னர் சொன்னதைப் பின்னர் மாற்றிக்கொள்ள அஞ்சாமை ஆராய்ச்சியாளனுக்கு அழகு. பாப்பரசருக்கும் அது அழகாகவே இருந்தது.

வானநூலாரும் வழக்கில் சாட்சி சொல்ல வந்தனர். நியூற்றன் இறந்தபின் 1733இல் வெளியான நூலில் அவர் கணித்த நாள், 34ஆம் ஆண்டு ஏப்ரல் 23. பிலாத்து யூதேயாவை ஆண்ட 26 முதல் 36 வரையான காலத்துள், நிசான் 14 வெள்ளியாக வந்திருக்கக்கூடிய நாட்களில் இன்று பெரிதும் பேசப்படுவன இரண்டு: 30ஆம் ஆண்டு ஏப்ரல் 7, 33ஆம் ஆண்டு ஏப்ரல் 3. பின்னைய நாளில் எருசலேமில் சந்திரன் கிரகணத்தோடு உதித்தது என்று ஹம்பிறீசும் வாடிங்ரனும் 1983இல் எழுதினர். உதயவேளை வெளிச்சத்தில் அக்கிரகணம் கண்ணுக்குப் புலனாகியிராது என்று மறுத்தோரும் உளர். பழைய மரபொன்றும் உண்டு: தெர்த்துல்லியன் காலந்தொட்டு மேற்றிசையார் மார்ச் 25 என்றனர். 29ஆம் ஆண்டு மார்ச் 25 வெள்ளிதான். ஆனால் பௌர்ணமி அதற்கு ஒரு வாரம் முன்பே கழிந்துவிட்டது. பௌர்ணமியின்றிப் பஸ்கா ஏது?

என் கருத்தைச் சொல்லவேண்டுமாயின், கிழமையில் வெள்ளியும் திகதியில் யோவானின் பதினான்கும் உறுதியானவை என்பேன். பண்டிகை வேளையில் கைதுசெய்தல் ஆகாது என்று தலைவர்கள் எண்ணியதாக மாற்கே கூறுகிறார். வயலிலிருந்து திரும்பிவந்த சீமோனைச் சிலுவை சுமக்கவைத்ததும், யோசேப்பு அன்றே துணி வாங்கியதும் அவர் கூற்றே. இவை பண்டிகை நாளுக்குப் பொருந்துவன அல்ல. ஆயினும் இறுதி உணவு பஸ்கா உணவே என்பதை இரவு வேளை, சாய்ந்து உண்ணல், முடிவில் பாடிய கீதம் முதலிய குறிப்புகளால் செர்மானிய அறிஞர் யொவாக்கிம் எரேமியாசு வலுவாக நாட்டியிருப்பதையும் ஒதுக்கிவிடல் இயலாது.

எருசலேமில் இன்று சிலுவைப்பாதையில் நடப்போர் ஒரே கல்வீதியில் நடக்கின்றனர். ஆனால் கீழைத் திருச்சபையார் பழைய யூலியன் கணக்கைக் கைவிடாமையால், பெரும்பாலான ஆண்டுகளில் அவ்வீதி இரு பெரிய வெள்ளிகளைக் காண்கிறது. 2024இல் மேற்றிசையாருக்கு அது மார்ச் 29. கீழைத் திசையாருக்கு மே 3. நிசேயாச் சங்கத்தின் 1700ஆம் ஆண்டாகிய 2025இல் இரு கணக்கும் தற்செயலாக ஒன்றுபட்டு, ஏப்ரல் 18ஆம் நாள் இருசாராரும் ஒரே வெள்ளியில் கல்லறைக் கோயிலுக்குள் நுழைந்தனர். எந்நேரம் எவர் முதலில் நுழைவது என்பதை முன்கூட்டியே பேசி வகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.